அம்மாயி காலில் கோல்ஃப் வியாதி

பங்குனி உத்திரத்துக்கு எங்க அம்மாயி சத்தியிலிருந்து பழனிக்கு நடந்து போனாங்க. மூணாம் நாள் கணுக்காலுக்கு மேல சிவப்பா திட்டுத் திட்டா தடிப்பு. "பூச்சி ஏதாச்சும் கடிச்சிருக்கும் கண்ணு"ன்னு மஞ்சள் பூசிக்கிட்டாங்க. ஊருக்கு வந்ததும் டாக்டர் பார்த்துட்டு சொன்ன பேர்: கோல்ஃபர்ஸ் வாஸ்குலைட்டிஸ்.

அம்மாயி கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை! கோவை செட்டிபாளையம் மாதிரி 18 குழி மைதானத்தை நடந்தே முடிக்க நாலு மணி நேரம் ஆகிடும். வெயிலில் அப்படி நடக்கிற, 50 வயசு தாண்டினவங்களுக்கு இது அதிகம் வருவதால் அந்தப் பேர்.

நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான் இங்கேயும். கெண்டைக்கால் தசை ஒரு பம்ப். சிரைக்குள் இருப்பது நான்-ரிட்டர்ன் வால்வு. வெயிலில் தோலின் ரத்த நாளங்கள் விரியும். மணிக்கணக்கில் நடந்தால் பம்ப் திணறி, ரத்தம் கீழே தேங்கும். அதில்தான் நுண்ணிய நாளங்கள் அழற்சியாகின்றன என்று கருதுகிறார்கள். சாக்ஸ் இறுக்கிப் பிடித்த இடத்தில் பெரும்பாலும் தடிப்பு இருக்காது. 

காலை உயர்த்தி வச்சு ஓய்வெடுத்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் போயிடும். ஆட்டக்காரர்கள் விடிகாலையில் ஆடுவதும், நடுவில் வண்டியில் போவதும் இதுக்கும் நல்லது, கடைசிக் குழிவரை கால் தாங்கவும் நல்லது. ஆனா ஒரே கால் மட்டும் வீங்கி வலிச்சா ஆழ்சிரையில் ரத்தக்கட்டியா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

அடுத்த வருஷம் வெயிலுக்கு முன்னாடியே நடந்துடறதா அம்மாயி ஒத்துக்கிட்டாங்க. சாக்ஸ் பேச்சை எடுத்தப்பதான், "முருகனைப் பார்க்கப் போறதுக்கு சாக்ஸா?"ன்னு முறைச்சாங்க.