நாற்காலி காலி, வழக்கு நிலுவை

ஒரு தலைமையாசிரியர் எந்த மாதம் ஓய்வுபெறப் போகிறார் என்பது கல்வித் துறைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஆனால் அவருக்கு அடுத்து அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை மூத்த ஆசிரியர் ஒருவர் பெயருக்குக் கீழே ‘பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய வகுப்பையும் அவர்தான் எடுக்க வேண்டும். எமிஸ் பதிவு, மதிய உணவுக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், திடீர் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பதில் என மற்றதெல்லாமும் அவர் தலையில்தான்.

இந்த வழக்குகளில் லஞ்சமோ சிபாரிசோ பெரும்பாலும் பேச்சாகவே இருப்பதில்லை. பணியில் சேர்ந்தபோது ஒரு விதி, பதவி உயர்வுக்கான முறை வரும்போது வேறொரு விதி. எது யாருக்குப் பொருந்தும் என்பதே சண்டை. எதிரெதிராக நிற்பவர்களும் பெரும்பாலும் ஒரே துறையில், சில நேரம் ஒரே பள்ளியில், பல ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தவர்கள்.

தகுதித் தேர்வு தந்த திருப்பம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரம் அதன் 23-ஆவது பிரிவின் வழியாகத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கைக்குப் போனது. அந்தக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிக்க வருபவர்களுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2011 நவம்பரில் அரசாணை 181 மூலம் இதை ஏற்றுக்கொண்டது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை.

ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத விஷயமாகவே நினைத்தார்கள். அறிவிக்கைக்கு முன்பு நியமிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு இருந்ததால் அப்படி நினைத்ததில் தவறும் இல்லை. ஆனால் குழுமம் 2014 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளில் ஒரு வரி இருந்தது: ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு பெறவும் அந்த நிலைக்குரிய குறைந்தபட்சத் தகுதி வேண்டும். அப்போது அந்த வரியைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாடு அரசு 2020 ஜனவரி 30 அன்று கொண்டுவந்த சிறப்பு விதிகள் வேறு வழியில் போயின. பட்டதாரி ஆசிரியராக நேரடியாக நியமிக்கப்படுபவருக்குத் தகுதித் தேர்வு கட்டாயம். இடைநிலை ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் அதே பணியிடத்துக்கு வருபவருக்குத் தேவையில்லை. வகுப்பு ஒன்று, பாடம் ஒன்று, சம்பளம் ஒன்று. தகுதி மட்டும் இரண்டு. தகுதித் தேர்வில் தேறிய இளையவர்கள், “தேறாத மூத்தவர் எப்படி எங்களுக்கு முன்னால் போகலாம்?” என்று உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 ஜூன் 2 அன்று தீர்ப்பளித்தது. 2011 ஜூலை 29-க்கு முன்பு நியமனம் பெற்றவர்கள் தகுதித் தேர்வு இல்லாமலே பணியில் தொடரலாம், ஊதிய உயர்வும் பெறலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்வில் தேறியே ஆக வேண்டும் என்றது. பதவி உயர்வுக்கு விலக்கு தந்த மாநில விதியின் பகுதியையும் அது ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. இடைநிலை ஆசிரியருக்குப் பட்டதாரி ஆசிரியர் பதவி ஒரு படி. அதற்கு மேலே தலைமையாசிரியர் பதவி. கீழ்ப்படியில் அடைப்பு விழுந்ததும் மேலே இருந்த நாற்காலிகளும் காத்துக் கிடக்கத் தொடங்கின.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அஞ்சுமன் இஷாத்-இ-தலீம் அறக்கட்டளை வழக்கில் நீதிபதி தீபங்கர் தத்தா தலைமையிலான அமர்வு, பதவி உயர்வுக்கு மட்டுமல்ல, பணியில் நீடிப்பதற்கே தகுதித் தேர்வு தேவை என்றது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வெழுதாமல் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். தவறினால் பணப்பலன்களோடு வீட்டுக்குப் போக வேண்டும். தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு தாக்கல் செய்தது. பணியில் உள்ள ஆசிரியர்களுக்கெனத் தனியாகச் சிறப்புத் தகுதித் தேர்வு நடத்தவும் முடிவெடுத்தது.

எந்த நாளின் விதி?

சட்டப்படி இந்த வகை வழக்குகள் எல்லாமே ஒரு கேள்விக்குத்தான் வந்து சேரும். பணியிடம் காலியான நாளில் இருந்த விதியா, அதை நிரப்பும் நாளில் இருக்கும் விதியா?

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இதற்கு ஊழியர்களின் வழக்கறிஞர்கள் கையில் ஒரே பதில் இருந்தது: ரங்கையா வழக்கு. ஆந்திரப் பிரதேசப் பதிவுத் துறையில் சார்பதிவாளர் பணியிடங்களுக்கான பதவி உயர்வுப் பட்டியலை 1976-இல் தயாரித்திருக்க வேண்டும். அதிகாரிகள் தயாரிக்கவில்லை. 1977-இல் விதி மாறியது. பிறகு புதிய விதிப்படி பட்டியல் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1983-இல் இதை ஏற்கவில்லை. திருத்தத்துக்கு முன்பு காலியான இடங்களைப் பழைய விதிப்படியே நிரப்ப வேண்டும் என்றது. தலைமையாசிரியர் பணியிட வழக்குகளிலும் மனுதாரர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள்.

அந்தப் பிடிமானம் 2022 மே 20 அன்று போய்விட்டது. இமாசலப் பிரதேச அரசுக்கும் ராஜ்குமார் என்ற ஊழியருக்கும் இடையிலான வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரங்கையா தீர்ப்பு சொன்ன பொதுக் கொள்கை சரியல்ல என்று அறிவித்தது. அரசுப் பணி என்பது ஒப்பந்தம் அல்ல, விதிகளால் ஆளப்படும் ஒரு நிலை என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் ரோஷன்லால் டாண்டன் வழக்கில் சொல்லியிருந்தது. அதை எடுத்துக்காட்டி, ஊழியருக்கு இருப்பது பரிசீலிக்கப்படும் உரிமை மட்டுமே, பரிசீலனை நடக்கும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதன்படியே அந்த உரிமை என்று தீர்ப்பு முடித்தது.

தீர்ப்பு சட்டத்தைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அலுவலகத் தாமதத்தின் விலையை ஊழியர் தலையில் கட்டியதும் அதே தீர்ப்புதான். ஒரு மாவட்டத்தில் பட்டியல் காலத்தில் தயாராகிறது. அங்குள்ள ஆசிரியர் பழைய விதிப்படி தலைமையாசிரியராகிறார். இன்னொரு மாவட்டத்தில் கோப்பு மேஜையிலேயே கிடக்கிறது. இடையில் விதி மாறுகிறது. அதே பணிமூப்பு உள்ள ஆசிரியர் வாய்ப்பை இழக்கிறார். இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் படிப்பிலோ அனுபவத்திலோ இல்லை, ஒரு கண்காணிப்பாளரின் மேஜையில் இருக்கிறது.

நேரடி நியமனத்தில் நிலைமை வேறு. தெஜ்பிரகாஷ் பாதக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 7 அன்று, ஆட்டம் தொடங்கிய பிறகு ஆட்டத்தின் விதியை மாற்றக் கூடாது என்ற பழைய கொள்கையை உறுதிசெய்தது. விளம்பரம் வந்து விண்ணப்பம் கேட்டாயிற்று என்றால், தேர்வு விதிகளோ விளம்பரமோ இடம் தராதவரை நடுவில் தகுதியை மாற்ற முடியாது. பீகார் 2021-இல் தலைமையாசிரியர்களுக்கெனத் தனிப் பணித்தொகுதியை உருவாக்கித் தேர்வாணையம் வழியே போட்டித் தேர்வு நடத்தும் முறைக்கு மாறியது. 2022-இல் 6,421 இடங்களுக்கு நடந்த முதல் தேர்வில் தேறியவர்கள் 421 பேர். விண்ணப்பதாரருக்கு விளம்பர நாள் என்ற காப்பு இருக்கிறது. பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஆசிரியருக்கு அந்தக் காப்பும் இல்லை.

ஒன்றியமா, மாநிலமா?

தகுதி மட்டுமல்ல, பணிமூப்பை எந்த எல்லைக்குள் கணக்கிடுவது என்பதும் மாறியது. தொடக்கக் கல்வித் துறையில் பணிமூப்பு நெடுங்காலம் ஒன்றிய அளவில் பார்க்கப்பட்டது. ஒரு ஒன்றியத்தில் ஓய்வுபெறுவோர் அதிகம் என்றால் அங்கே விரைவில் ‘எச்.எம்.’ ஆகலாம், பக்கத்து ஒன்றியத்தில் அதைவிட மூத்தவர் காத்துக்கொண்டே இருப்பார். 2023 டிசம்பர் 21 அன்று வந்த அரசாணை 243 பணிமூப்பை மாநில அளவுக்குக் கொண்டுபோனது.

ஆசிரியர் அமைப்புகளின் கூட்டமைப்பான டிட்டோஜாக் இதை எதிர்த்துத் தொடர்ந்து போராடியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் பல மாவட்டம் தாண்டிப் போ என்றால், குடும்பத்தை விட்டுப் போக முடியாதவர் பதவி உயர்வையே துறப்பார் என்பது அவர்கள் வாதம். ஆணையை ஆதரித்தவர்களுக்கும் சொல்ல நியாயம் இருந்தது. பணியில் சேர்ந்த ஒன்றியம் எது என்ற தற்செயல், ஒருவர் எந்த வயதில் தலைமையாசிரியர் ஆவார் என்பதை முடிவுசெய்யலாமா?

நீதிமன்றங்கள் இத்தகைய மாற்றங்களில் பொதுவாகத் தலையிடத் தயங்கும். பதவி உயர்வுக்கான வாய்ப்பு குறைவது பணி நிபந்தனை மீறல் ஆகாது என்பது 1974-இல் முகமது ஷுஜாத் அலி வழக்கிலேயே நிலைபெற்ற கொள்கை. பட்டியலில் ஒருவர் எத்தனை இடம் கீழே போனாலும் சட்டத்தின் பார்வையில் அவர் இழந்தது வாய்ப்பு, உரிமை அல்ல. ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பலனை முன்தேதியிட்ட விதியால் பறிப்பதற்கு மட்டும் நீதிமன்றம் இடம் தராது.

சிறுபான்மைப் பள்ளிகளின் தனிக் கணக்கு

சிறுபான்மைப் பள்ளிகளில் தலைமையாசிரியர் நியமனத்துக்கு வேறு கணக்கு. கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப் பள்ளி வழக்கில், பணிமூப்பில் முன்னிருந்த ஆசிரியரைத் தாண்டி நிர்வாகம் வேறொருவரைத் தலைமையாசிரியராக்கியது. உச்ச நீதிமன்றம் 1998-இல் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. ஒரு பள்ளியின் நிர்வாகத்தில் தலைமையாசிரியர் பதவியே மையம். தகுதியுள்ளவர்களில் தனக்கு நம்பிக்கையானவரைத் தேர்ந்தெடுப்பது சிறுபான்மை நிர்வாகத்தின் அரசியல் சாசன உரிமை என்றது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் வந்த தீர்ப்பு, தகுதித் தேர்விலிருந்தும் அவற்றுக்குக் கவசமானது. 2025 தீர்ப்பு அந்தக் கவசத்தின் மீதே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராயட்டும் என்று விட்டிருக்கிறது. அதன் முடிவு வரும்வரை இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் நிம்மதி இல்லை.

வழக்குக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காலம். தமிழ்நாட்டு அரசு ஊழியர் சதாசிவசாமி தொடுத்த வழக்கில் 1974-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இளையவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் வர வேண்டும். அவர் 14 ஆண்டுகள் கழித்து வந்திருந்தார். இரண்டாவது, ஆட்சேபணை. பணிமூப்புப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது எழுத்தில் ஆட்சேபணை தராதவரின் மனு, பிறகு எடுபடுவது கடினம். மூன்றாவது, எதிர்மனுதாரர். தீர்ப்பால் பாதிக்கப்படப்போகும் சக ஆசிரியரைச் சேர்க்காமல் அரசை மட்டும் எதிர்த்துப் போட்ட மனு அந்த ஒரு குறையாலேயே தோற்கலாம். நான்காவது, குறி. விதியே தவறு என்றால் விதியை எதிர்க்க வேண்டும். விதியை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எதிர்ப்பதில் பயனில்லை.

துறை என்ன செய்ய வேண்டும்?

தகுதியை உயர்த்துவது தவறல்ல. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் அடிப்படை. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவரின் அனுபவத்தை ஒரு தேர்வுத்தாள் முழுதாக அளந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. இரண்டு நியாயங்களுக்கும் இடம் தருவது விதி எழுதும் அரசின் வேலை. அதைச் செய்யாமல் விட்டதால்தான் இந்த வேலை நீதிபதிகளிடம் போய்ச் சேர்ந்தது.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பதவி உயர்வுப் பட்டியலைக் குறித்த நாளில் வெளியிட வேண்டும். தவறினால் அதற்குப் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும். புதிய விதி எதுவானாலும், அது எந்த நாளிலிருந்து, எந்தக் காலியிடங்களுக்கு, யாருக்குப் பொருந்தும் என்ற இடைக்கால ஏற்பாட்டை அந்த விதிக்குள்ளேயே எழுத வேண்டும். மத்திய ஒழுங்குமுறையும் மாநில விதியும் முரண்பட்டால், ஆண்டுக்கணக்கில் காத்திராமல் உடனே திருத்த வேண்டும். 2014-இன் அந்த ஒரு வரியை 2020-இல் விதி எழுதியவர்கள் கவனத்தில் கொண்டிருந்தால், 2023 தீர்ப்புக்கே வேலை இருந்திருக்காது.

என்ன தகுதி வேண்டும் என்று முடிவெடுப்பது அரசின் அதிகாரம். அதை உரிய நாளில், யாருக்குப் பொருந்தும் என்ற விளக்கத்தோடு, எழுத்தில் சொல்வது அரசின் கடமை. அதிகாரத்தைப் பயன்படுத்துவதில் காட்டிய வேகத்தைக் கல்வித் துறை இனிமேலாவது கடமையிலும் காட்டட்டும்.