தொடர்புகளின் கணிதம்

கோனிக்ஸ்பெர்க் நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து, ஏழின் வழியாகவும் நடந்துவர இயலுமா? இயலாது என 1735இல் நிறுவினார் கணித மேதை ஆய்லர். பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த நிலப்பகுதி எதனோடு இணைகிறது என்பதை மட்டுமே அவர் ஆராய்ந்தார். பின்வந்தோர் நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் வரைந்தனர். வலைப்பின்னல்களின் கணிதம் இவ்வாறு வளர்ந்தது.

புள்ளியைக் கணு என்றும் கோட்டை இணைப்பு என்றும் கொள்வோம். சிறு புழுவொன்றின் 302 நரம்பணுக்கள், மின்நிலையங்களை இணைக்கும் தடங்கள், மனிதரின் நட்புறவுகள் ஆகிய யாவும் இவ்வகை வரைபடத்துள் அடங்கும். இணைப்புகள் தற்செயலாக அமைந்தால், பெரும்பாலான கணுக்கள் சராசரியை ஒட்டிய எண்ணிக்கையிலேயே இணைப்புகளைப் பெறும். எர்டோஷ், ரேனி ஆகிய ஹங்கேரியக் கணித அறிஞர்கள் 1959இல் ஆராய்ந்த வலை இத்தகையது.

ஆனால் நாம் வாழும் உலகின் வலைகள் பல இவ்வாறு அமையவில்லை. 1999இல் பரபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் இணையப் பக்கங்கள் முதலிய வலைகளை ஆராய்ந்து, மிகச் சில கணுக்களிடம் ஏராளமான இணைப்புகள் குவிந்திருப்பதைக் காட்டினர். புதிதாக வருவது, ஏற்கெனவே பலவற்றோடு இணைந்ததையே நாடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அவர்கள் கண்ட விதி கண்டிப்பான வடிவில் எல்லா வலைகளுக்கும் பொருந்துவதில்லை என 2019இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று காட்டியது. எனினும், இணைப்புகளில் ஏற்றத்தாழ்வு பரவலாகவே காணப்படுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். ஐவருள் ஒருவர் மற்ற நால்வருக்கும் நண்பர். அந்நால்வரோ தமக்குள் அறிமுகமற்றவர்கள். ஒருவருக்குச் சராசரி 1.6 நண்பர்கள். இப்போது ஐவரிடமும் தம் நண்பர் ஒருவரின் பெயரைக் கேட்போம். நால்வர் நடுவிலிருப்பவரையே சுட்டுவர். இவ்வாறு சுட்டப்படுவோரைக் கணக்கிட்டால் சராசரி 3.4 ஆகிறது. நம் நண்பர்களுக்கு நம்மினும் அதிக நண்பர்கள் இருப்பது பொதுவாக உண்மை என்பதை 1991இல் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் விளக்கினார்.

தொற்றுநோய்க் காலத்தில் இக்கணக்கு உயிர்காக்கும் அறிவாகிறது. குறைவாக உள்ள தடுப்பூசியை யாருக்கு முதலில் அளிப்பது? தற்செயலாகத் தெரிந்தெடுத்தால், பலரோடு பழகுபவர் பெரும்பாலும் விடுபட்டுப் போவார். நோய் அவர்வழி பரவும். ஊராரின் தொடர்புகள் அனைத்தையும் காட்டும் வரைபடமோ எவரிடமும் இல்லை. ஆகவே, தற்செயலாகச் சிலரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் பெயர் கூறும் நண்பர்களுக்கு ஊசி போடலாம் என 2003இல் இயற்பியல் அறிஞர் மூவர் முன்மொழிந்தனர். 2009இல் ஹார்வர்டு மாணவர்களிடையே ஃபுளூ காய்ச்சல் பரவியபோது, கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் ஆகியோர் இதனையொத்த முறையில் இரு குழுக்களை ஒப்பிட்டனர். நண்பரெனச் சுட்டப்பட்டோரிடையே நோய் ஏறத்தாழ இரு வாரங்கள் முன்னதாகவே பரவியிருந்தது.

பலரோடு பழகும் ஆசிரியர், வணிகர், மருத்துவப் பணியாளர் முதலியோரை முதலில் காப்பது சலுகையன்று; அவர்களைச் சூழ்ந்துள்ள, ஊசி கிட்டாத பலரையும் காக்கும் வழியாகும். ஓர் ஊரில் அத்தகையோர் யாவர் என அறிய நமக்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. சிலரிடம் அவர்தம் நண்பரின் பெயரைக் கேட்டால் போதும்.