இரண்டு சி.ஆர்.களும் நம் வீட்டு இனிஷியலும்

கொல்கத்தாவில் டாக்ஸி பிடித்து ‘சி.ஆர். அவென்யூ’ என்று சொன்னால் வண்டி நேரே சித்தரஞ்சன் அவென்யூவுக்குப் போய்விடும். இங்கே சி.ஆர். என்றால் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்தான். ஆனால் அதே இரண்டு எழுத்தை நம் தாத்தா தலைமுறையிடம் சொல்லியிருந்தால், அவர்கள் மனதில் வந்திருப்பவர் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக இருக்கும் ராஜாஜி. எழுத்து ஒன்று, ஆள் வேறு. பொது அறிவுப் புதிர்களில் இந்த மாதிரி ‘ஒரே இனிஷியல்’ கேள்விகளுக்கு எப்போதும் ஒரு தனி ருசி உண்டு. அதிலும் நாம் இருப்பது வினாடி வினாவின் ஊர். 1967-ல் பார்க் சர்க்கஸ் பக்கத்தில் உள்ள கிறிஸ்து அரசர் ஆலய மண்டபத்தில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியிலிருந்துதான் இந்தியாவில் பொது வினாடி வினா தொடங்கியது என்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, நம் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாமே!

கயாவில் மோதிய இரண்டு சி.ஆர்.கள்

இந்த இரு சி.ஆர்.களும் நேருக்கு நேர் மோதியவர்கள் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1922 டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் மாநாடு. தலைமை வகித்தவர் சி.ஆர். தாஸ். காந்தியடிகள் அப்போது சிறையில். சட்டசபைகளுக்குள் நுழைந்து உள்ளே இருந்தபடியே அரசாங்கத்தை எதிர்க்கலாம் என்பது தாஸின் கட்சி. காந்தி வகுத்த ஒத்துழையாமைத் திட்டத்தில் ஒரு மாறுதலும் கூடாது என்று எதிரணியில் முன்னால் நின்றவர் நம்ம ராஜாஜி. வாக்கெடுப்பில் ராஜாஜி பக்கம் ஜெயித்தது. தாஸ் தலைமைப் பதவியை விட்டு விலகி, 1923 ஜனவரி 1-ல் மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். 1924-ல் இந்த ஊரின் முதல் மேயர் ஆனார். 1925 ஜூனில் டார்ஜிலிங்கில் காலமானார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1947 ஆகஸ்டு 15 அன்று, மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக வந்து இறங்கியவர் யார் தெரியுமா? அந்த இன்னொரு சி.ஆர்.! சரத் சந்திர போஸ் போன்றவர்கள் இந்த நியமனத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதையெல்லாம் தாண்டி, 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் போகும்வரை ராஜாஜி இங்கே இருந்தார்.

இனி அந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்ப்போம். தாஸின் ‘சி’யும் ‘ஆரும்’ ஒரே பெயரிலிருந்து வந்தவை: சித்த ரஞ்சன். ராஜாஜியின் ‘ஆர்’ அவருடைய சொந்தப் பெயர் ராஜகோபாலாச்சாரி. ‘சி’ என்பது சக்கரவர்த்தி, அதாவது குடும்பத்துப் பெயர். வங்காளத்தில் சக்கரவர்த்தி (அவர்கள் உச்சரிப்பில் சக்ரவர்த்தி, சக்ரபொர்த்தி) பெயருக்குக் கடைசியில் வரும் பட்டப் பெயர். நம்மவரிடம் அதுவே முதலில் வந்து ஒரே எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஆக, இரண்டு ‘சி’யும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

அவர்கள் கணக்கு, நம் கணக்கு

வங்காளிகளின் கணக்கு எளிது. முதலில் சொந்தப் பெயர், கடைசியில் குடும்பப் பட்டம். ஆகவே அவர்களுடைய இனிஷியல் அவரவர் சொந்தப் பெயரின் சுருக்கம். பி.சி. ராய் (பிரஃபுல்ல சந்திர), பி.சி. மஹலனோபிஸ் (பிரசாந்த சந்திர), மந்திரவாதி பி.சி. சர்க்கார் (பிரதுல் சந்திர) மூவரும் பி.சி.தான், ஆனால் ஒருவருக்கொருவர் உறவில்லை. இதில் உச்சம் ஜானகிநாத் போஸ் குடும்பம். சதீஷ், சரத், சுரேஷ், சுதிர், சுனில், சுபாஷ், சைலேஷ், சந்தோஷ் என்று எட்டு ஆண்பிள்ளைகள். எட்டுப் பேரும் எஸ்.சி. போஸ்! தபால்காரர் என்ன பாடுபட்டிருப்பாரோ.

நம் கணக்கு தலைகீழ். அண்ணன் தம்பி தங்கை எல்லோருக்கும் இனிஷியல் ஒன்றே. பின்னால் வரும் சொந்தப் பெயர்தான் வேறு. ஏனென்றால் அந்த எழுத்து நம்முடையது இல்லை, அப்பாவுடையது. அதற்கும் முன்னால் இன்னொரு எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் ஊர் அல்லது வீட்டுப் பெயர். உ.வே.சா. என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன்: ஊர், தகப்பன், தான். திரு.வி.க.வில் இருக்கும் ‘திரு’வை மரியாதைச் சொல் என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. அது திருவாரூர்! வி என்பது தந்தை விருத்தாசலம், க என்பது கலியாணசுந்தரம்.

இந்த முறையில் ஒரு சங்கிலி ஓடுவதையும் பார்க்கலாம். சந்திரசேகர ஐயரின் மூத்த மகன் சி. சுப்பிரமணியன். அவர் தன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தார்: எஸ். சந்திரசேகர். 1983-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். சி.எஸ். மகன் எஸ்.சி.; ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறை எழுத்து இடம் மாறுகிறது. 1999-ல் விண்ணில் ஏவிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வழக்கம்போலப் பேரனுக்கு வைத்த தாத்தா பெயர் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

சுப்பிரமணியனின் தம்பிதான் சர் சி.வி. ராமன். அவருடைய ‘சி’யும் தந்தை சந்திரசேகரர்தான். ‘வி’ மட்டும் வேறு ரகம். வேங்கடராமன் என்ற ஒரே பெயர் வேங்கட – ராமன் என்று இரண்டாகி, முன்பாதி எழுத்தாக நின்றுவிட்டது. சித்தரஞ்சன் ‘சி.ஆர்.’ ஆனது மாதிரியேதான். சென்னை மயிலாப்பூரிலும் இப்படி இரண்டு ‘ஆர்.கே.’ உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும் ஆர்.கே. சாலை, ராமகிருஷ்ண மடம் சாலையும் ஆர்.கே. மடம் சாலை. இரண்டுமே ஒரு பெயரை இரண்டாக உடைத்த சுருக்கங்கள்.

இங்கே ஒரு உபரித் தகவல். 1954-ல் முதன்முதலாக பாரத ரத்னா விருது பெற்றவர்கள் மூவர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். மூவருமே கொல்கத்தாவில் பணியாற்றியவர்கள். ராஜாஜி கவர்னர். ராதாகிருஷ்ணன் 1921-லிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். ராமன் 1907-ல் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசுக்கு உத்தியோகஸ்தராக வந்தவர். பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சி செய்து, 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவை வெளியிட்டார். தென்னிந்தியர்கள் இந்த ஊருக்கு வேலை தேடி மட்டும் வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல இது ஒன்று போதும்.

எம்.எஸ். என்ற இரண்டு எழுத்து

எம்.எஸ். என்றதும் நமக்கு ஒரே குரல்தான் கேட்கும். ஆனால் எம்.எஸ். மூவர் இருந்தார்கள். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனின் ‘எஸ்’ தந்தை சுப்பிரமணியன். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் ‘எம்’ மொன்கொம்பு என்ற ஊர், ‘எஸ்’ தந்தை சாம்பசிவன். எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் ‘எம்’ மதுரை. ‘எஸ்’? அது தந்தை பெயர் இல்லை. தாயார், வீணை வித்வாம்சினி ஷண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியும் அப்படியே: மெட்ராஸ் லலிதாங்கி, அவரும் பாடகியான தாயார். இசை தாய்வழியாக வந்த குடும்பங்களில் பெயரும் தாய்வழியாகவே வந்தது. தாயின் பெயரை இனிஷியலாகப் போடுவது ஏதோ இந்தக் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுப்புலக்ஷ்மிக்கு 1998-லும், சுவாமிநாதனுக்கு அவர் மறைவுக்குப் பின் 2024-லும் பாரத ரத்னா கிடைத்தது. இரண்டு எம்.எஸ்.

தூத்துக்குடியில் வி.ஓ.சி., இரண்டு முறை

எழுத்து ஒற்றுமையில் எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது இதுதான். பழைய காசு சேர்ப்பவர்களுக்கு ‘வி.ஓ.சி.’ என்று மூன்று எழுத்துகள் பின்னிக்கொண்டிருக்கும் முத்திரை தெரிந்திருக்கும். 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. அந்தக் கம்பெனி 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அதே தூத்துக்குடியில், இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய நம்மவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. தந்தை உலகநாதர் பெயரை ஆங்கிலத்தில் ‘ஓ’ போட்டு எழுதியதால் அவரும் வி.ஓ.சி.! கப்பலில் வந்து ஊரைப் பிடித்தது ஒரு வி.ஓ.சி.; ஊரை மீட்கக் கப்பல் விட்டது இன்னொரு வி.ஓ.சி.

இந்தக் கதையிலும் நம் கொல்கத்தா இருக்கிறது. சுதேசி இயக்கத்தைக் கிளப்பிவிட்டது 1905-ன் வங்கப் பிரிவினை. வ.உ.சி. எதிர்த்துப் போட்டியிட்ட பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி பிறந்ததும், 1856-ல், கல்கத்தா – பர்மா கப்பல் கம்பெனி என்ற பெயரில்தான். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். இன்று அங்கே வி.ஓ.சி. என்றால் டச்சுக்காரனை யாரும் நினைப்பதில்லை.

தெருப்பலகையில் ஒளிந்திருப்பவர்கள்

சுருக்கம் சௌகரியம்தான், ஆனால் ஆளை மறைத்துவிடும். தினமும் பி.பி.டி. பாக் வழியாக ஆபீஸ் போகிறோம். அது பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள். 1930 டிசம்பர் 8-ல் ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் புகுந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்ஸனைச் சுட்டவர்கள். ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரி, டாக்டர் ராதாகோபிந்த கர். என்.ஆர்.எஸ்., டாக்டர் நீல்ரதன் சர்க்கார். ஏ.ஜே.சி. போஸ் ரோட்டின் ‘ஏ’யும், என்.எஸ்.சி. போஸ் ரோட்டின் ‘என்’னும் பெயரே இல்லை: ஆச்சார்ய, நேதாஜி என்ற பட்டங்கள். அந்த என்.எஸ்.சி. போஸ் ரோடு சென்னை ஜார்ஜ் டவுனிலும் உண்டு.

ஏமாற்றுகிற சுருக்கமும் உண்டு. இங்கே சி.ஐ.டி. ரோடு, சென்னையில் சி.ஐ.டி. நகர். போலீசுக்கும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இங்கே ‘சி’ கல்கத்தா, அங்கே ‘சி’ சிட்டி. இரண்டும் நகரைச் சீர்படுத்த வைத்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டுகள். இங்குள்ள டிரஸ்ட் 2017-ல் கே.எம்.டி.ஏ.வோடு இணைந்துவிட்டது. ரோட்டுக்கு மட்டும் பெயர் நிற்கிறது.

நம் வீட்டு எழுத்து

இதெல்லாம் வெறும் துணுக்கு இல்லை. ஊரில் ஆர். கார்த்திக் என்றால் யாரும் ‘ஆர் என்ன?’ என்று கேட்கமாட்டார்கள். ராமசாமி பையன் என்று தெருவுக்கே தெரியும். இங்கே பள்ளிக்கூடப் படிவம் ‘பட்டப் பெயர் என்ன?’ என்று கேட்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலைச் சுருக்கமாக எழுதவே கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கார்த்திக் ராமசாமி ஆகிறான். பிறகு ஆபீசில் எல்லோரும் அவனை ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவன் பிள்ளைக்கும் ராமசாமியே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டால், மூன்றாம் தலைமுறையில் அது யார் பெயர் என்றே தெரியாமல் போகும். முன்னால் இருந்த ஊர் எழுத்தோ எப்போதோ உதிர்ந்திருக்கும்.

இரண்டு முறையில் எது உயர்ந்தது என்பது கேள்வி இல்லை. வங்காளியின் பட்டப் பெயர் குலத்தைக் காட்டும், ஆனால் அப்பா யார் என்று சொல்லாது. நம் இனிஷியல் அப்பாவையும் ஊரையும் சொல்லும், ஆனால் விரித்துச் சொல்ல ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஊரில் அந்த ஒருவர் தெருவெல்லாம் இருந்தார். இங்கே நாம்தான் அந்த ஒருவர்.

ஆகவே ஒரு யோசனை. படிவங்களில் எது சௌகரியமோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள்; ஆனால் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் விமான டிக்கெட்டிலிருந்து பென்ஷன் வரை அலைச்சல்தான். பாஸ்போர்ட்டில் பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலே போதும் என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். தாயின் பெயரை முன்னிறுத்த விரும்புகிறவர்களுக்கு அது உதவும்.

கூடவே ஒரு முழுத்தாள் எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் இனிஷியலையும் விரித்துத் தமிழில் எழுதி வையுங்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்களுடைய ஊர், அது எந்த ஜில்லா என்பது வரை. அம்மா, பாட்டி பெயர்களை மறக்காதீர்கள். இனிஷியலில் இடம் கிடைக்காதவர்கள் அவர்கள்தான். வருகிற பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைக்கும்போது முதல் கேள்வியாக ‘உன் இனிஷியலை விரித்துச் சொல்’ என்று கேட்கலாம். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்க வேண்டாம். பெற்றோரை மேடைக்குக் கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொன்னால் போதும்.