நெட் வரலை சார்!

ஆபீஸில் 'நெட் வரலை சார்!' என்று ஒரு குரல் கேட்டதும் மேஜைக்கு அடியில் குனிந்து, நீல ஒயர் ஒன்றைப் பிடுங்கி மறுபடி சொருகுகிறாரே ஓர் இளைஞர்... அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நெட் ஒழுங்காக வருகிறவரை அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் நின்றால் போதும், எம்.டி. வரைக்கும் தெரிந்துவிடும்!

சொந்த ஊரில் அவர் நிலைமை இன்னும் பரிதாபம். 'பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்' என்று அப்பா பெருமையாகச் சொல்லி வைத்திருப்பார். கல்யாண வீட்டில் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ''ஏம்ப்பா, வாட்ஸ்அப் ரொம்ப மெதுவா வருது... கொஞ்சம் பாரேன்'' என்று போனை நீட்டுவார். சாஃப்ட்வேர் எழுதுகிறவர் வேறு, அது ஓடுகிற சர்வரையும் போய்வருகிற பாதையையும் காப்பாற்றுகிறவர் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் பந்தியே முடிந்துவிடும்.

இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. சில வருஷங்களாக இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். வருகிற பையன்களில் பலருக்கு ஒரே கவலை... 'இங்கேர்ந்து மேலே போக வழி இருக்கா, இல்லே ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒயர் சொருகிட்டேதானா?'

வழி இருக்கிறது. ஆனால், எஸ்கலேட்டர் கிடையாது. படிக்கட்டுதான்.

முதல் படி டெஸ்க்டாப் சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க், ஃபீல்டு இன்ஜினீயர். இதில் 'ரெசிடென்ட் இன்ஜினீயர்' என்று ஒரு ஜாதி உண்டு. சம்பளம் கொடுப்பது ஒரு கம்பெனி, தினம் போய் உட்காருவது வேறொரு கம்பெனி. ஐ.டி. கார்டு தொங்குகிற கயிறு மட்டும் தனிக் கலர். தீபாவளிக்கு வரிசையாக ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துக்கொண்டே வருவார்கள். நம் சீட் வந்ததும், ''நீங்க வெண்டார் இல்ல?'' என்று சிரித்தபடி தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஸ்வீட்டை நினைத்து வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்!

ஆனாலும், இந்தப் படியை மட்டமாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன தெரியுமா? 'சேஃப் மோடி'ல் நுழைந்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு மெஷினாக, கையால்! அன்றைக்குப் பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்டுகள் எல்லாம் ஓரமாக நிற்க, ஆபீஸைத் தூக்கி நிறுத்தியது இந்தத் தனிக் கலர் கயிற்றுக்காரர்கள்தான்.

அடுத்தது 'நாக்' என்று செல்லமாக அழைக்கப்படும் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர். ராத்திரி இரண்டு மணி. சுவர் முழுக்கத் திரை. பச்சைப் புள்ளி ஒன்று சிவப்பாகும். டிக்கெட் போட வேண்டும். கையில் இருக்கிற குறிப்பில் சொன்ன நாலு விஷயத்தைச் செய்து பார்க்க வேண்டும். சரியாகவில்லையா, எல்-2 இன்ஜினீயரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். இதற்குப் பெயர் எல்-1.

ஆபத்து இங்கேதான். ஆளை எழுப்புவதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், அலாரம் கடிகாரத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. கடிகாரம் விலையும் குறைவு. இன்றைக்கு அந்த டிக்கெட்டைத் தானே போட்டு, தானே சரியான ஆளுக்கு அனுப்புகிற புரோகிராம்கள் வந்தாகிவிட்டன. ஏ.ஐ. முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

சமீபத்தில் ஒரே நாளில் இரண்டு பையன்களைப் பார்த்தேன். முதல் ஆள் பி.இ., நாலு வருஷம் நாக்கில் இருந்தவர். ''லிங்க் டவுன் ஆனா என்ன பண்ணுவீங்க?'' என்றேன். ''எல்-2வுக்கு அஸைன் பண்ணுவேன் சார்.'' ''அவர் என்ன பண்ணுவார்?'' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ''தெரியலை சார்... காலைல பார்த்தா டிக்கெட் குளோஸ் ஆகியிருக்கும்'' என்றார்.

இரண்டாவது ஆள் கோவில்பட்டிப் பக்கம், டிப்ளமோ. ஒன்றரை வருஷ அனுபவம்தான். ஆனால், ஷிஃப்ட் முடிந்ததும் வேனுக்குக் காத்திருக்கிற நேரத்தில், முந்தின ராத்திரி மூடப்பட்ட டிக்கெட்டுகளை மறுபடி திறந்து, எல்-2 என்ன கமாண்ட் அடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண நோட்டு. நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்... ''பிரவுசர்ல ஒரு வெப்சைட் பேரை அடிச்சு என்டர் தட்டினா, பக்கம் வர்றதுக்குள்ளே என்னெல்லாம் நடக்குது?'' டி.என்.எஸ். எப்படிப் பெயரை நம்பராக மாற்றுகிறது, பாக்கெட் எப்படி கேட்வேக்குப் போகிறது, 443-ம் போர்ட்டில் எப்படிக் கதவு திறக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். என்கிரிப்ஷன் வந்த இடத்தில் நிறுத்தி, ''இதுக்கு மேல எனக்குச் சரியாத் தெரியாது சார்'' என்றார். இங்கிலீஷ் தடுமாறியது. இருந்தால் என்ன? அவரை எடுத்துக்கொண்டோம்.

எல்-2வுக்கு அப்புறம் பாதை இரண்டாகப் பிரியும். சர்வர் பக்கம் போனால் ஆக்டிவ் டைரக்டரி, லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின், பேக்கப். பிறகு கிளவுட். 'கிளவுட் வந்தாச்சே, இனிமே சர்வர்காரனுக்கு வேலை ஏது?' என்பார்கள். அமேஸான் 2006-ல் ஆரம்பித்து வைத்த இந்த வாடகை சர்வர் வியாபாரத்திலும் ஐ.பி. அட்ரஸ், சப்நெட், ஃபயர்வால் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இரும்புப் பெட்டிதான் கண்ணில் படாது. அடிப்படை தெரிந்தவன் ஆறு மாசத்தில் மாறிவிடுகிறான். தெரியாதவனுக்குப் பில் வரும்போதுதான் தெரியும்!

நெட்வொர்க் பக்கம் போனால் ஸ்விட்ச், ரவுட்டர், கடைசியில் பி.ஜி.பி. இன்டர்நெட்டுக்கே வழி சொல்கிற சமாசாரம் இது. 2021 அக்டோபர் 4-ம் தேதி பராமரிப்பு வேலையில் ஒரு கமாண்ட் பிசகி, ஃபேஸ்புக்குக்குப் போகும் பாதைகளே இன்டர்நெட்டிலிருந்து மறைந்துபோயின. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் அவுட். தூரத்திலிருந்து உள்ளே நுழைய முடியாமல் இன்ஜினீயர்கள் நேரில் டேட்டா சென்டருக்கே போக வேண்டியிருந்தது. எல்-3க்கு ஏன் அத்தனை சம்பளம் என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சர்டிபிகேட் வேணுமா? முதல் வேலைக்கு சி.சி.என்.ஏ. உதவும். மூன்று வருஷம்தான் செல்லும். 2020-ல் பாடத்திட்டத்தை மாற்றி ஆட்டோமேஷனையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே, பைத்தானைப் பார்த்து ஓட வேண்டாம். பழைய கேள்விகளை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் கொட்டிவிட்டு வருகிறவர்களை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு ரெஸ்யூமேயில் '2022-ல் எம்.சி.எஸ்.இ.' என்று இருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பரீட்சைகளுக்கு 2021 ஜனவரியிலேயே மூடுவிழா நடத்திவிட்டது!

பயிற்சி செய்யப் பணம் தேவையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேஸர் இலவசம், லினக்ஸ் இலவசம். பழைய லேப்டாப் ஒன்று போதும். 'டெபாசிட் கட்டுங்க, வேலை நிச்சயம்' என்கிற கன்சல்டன்சியிடம் மட்டும் போகாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறேன் என்கிற கம்பெனியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யாருடைய பே-ரோல், ராத்திரி ஷிஃப்ட் மாசத்துக்கு எத்தனை வாரம், நோட்டீஸ் எத்தனை நாள் என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சம் வேண்டாம்.

அந்தக் கோவில்பட்டித் தம்பியிடமும், ''எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?'' என்றேன். சம்பளம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

''ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன் திறந்திருக்குமா சார்?'' என்றார்.

ஹெச்.ஆர். பெண்மணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கேன்டீனை பத்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள்.