சிதையும் மாளிகையும் தொடர் ஒளிப்படங்களும்

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை இன்று காண்போர், அதனை முழுமையாகக் கண்டுவிட்டதாகவே எண்ணித் திரும்புவர். 1636ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அம்மாளிகையின் ஒரு பகுதியே இப்போது எஞ்சியுள்ளது. திருமலை நாயக்கரின் பெயரரான சொக்கநாத நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் அரண்மனை அமைப்பதற்காக இதன் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார் என்பர். எஞ்சியவற்றை மழையும் வெயிலும் பராமரிப்பின்மையும் அரித்தன. மகாலுக்குச் சற்றுத் தொலைவில், கடைகள் நெருங்கிய சந்தொன்றில் நிற்கும் பத்துத்தூண்களும் அம்மாளிகையைச் சேர்ந்தவையே. அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் பலர் அவற்றை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

அச்சிதைவை இன்றும் நாம் கண்ணால் காண முடிவதற்குக் காரணம் ஒளிப்படக்கலை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858ஆம் ஆண்டில் மதுரையின் கட்டடங்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளில் எதிர்மறைப் படங்களைப் பதிவுசெய்வது அவர் முறை. அத்தாளில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி படவேண்டும். ஆதலால் நடமாடும் மனிதர் மறைந்துபோக, அசையாத தூண்களும் சுவர்களும் மட்டும் துல்லியமாகப் பதிந்தன. கட்டடத்தை ஆராய்வோர்க்கு இக்குறையே நன்மையாயிற்று. செலவு மிகுதி எனக் கருதி அரசு அப்பணியைச் சில ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட்டது. வருந்தத்தக்க சிக்கனம் அது!

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து எட்மண்ட் டேவிட் லயன் என்பவர் அதே மாளிகையைப் படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டது. எது நாயக்கர் காலத்துச் சுதைவேலை, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்னும் வினா எழும்போது, பழுதுபார்ப்பதற்கு முந்தைய படங்களே சான்றாகின்றன. எனினும் அச்சான்றையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும். டிரைப் தம் எதிர்மறைகள் சிலவற்றில் வானத்தையும் மேகத்தையும் தூரிகையால் திருத்தியுள்ளார்.

ஒரு படம் கட்டடத்தின் நிலையைக் காட்டும். அதன் போக்கை அறியப் பல படங்கள் தேவை. அதற்கெனச் சில நடைமுறைகள் உண்டு. ஒளிப்படக் கருவி நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவைத்து, அதே உயரத்தில், அதே கோணத்தில் ஒவ்வொரு முறையும் எடுத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் எடுப்பது நம் நாட்டுக்குப் பொருந்தும். நேரமும் இன்றியமையாதது. சாய்ந்து விழும் காலை ஒளியில், சுவரை விட்டுப் பிரிந்து புடைத்த காரை நிழலோடு தெரியும். உச்சிவெயிலில் அதே புடைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். விரிசலின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்துப் படமெடுத்தால், அடுத்த ஆண்டில் அவ்விரிசல் எத்தனை மில்லிமீட்டர் அகன்றது என ஒப்பிடலாம். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித்துண்டைச் சாந்தால் பதிப்பதும் உண்டு. சுவர் நகர்ந்தால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இவ்வாறு வரிசையாக வைத்த படங்கள் சிதைவின் தொடக்கத்தைக் காட்டிவிடும். பெரும்பாலும் அது மிகச் சிறியதாகவே இருக்கும்: இடம்பெயர்ந்த ஓர் ஓடு. அதன் வழியே இறங்கும் நீர் உத்தரத்தின் முனையை உளுத்துப்போகச் செய்யும். பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை சுவரின் இடுக்கில் முளைக்கும். இரண்டிலைக் கன்றாகப் படத்தில் தெரியும்போதே அதனைப் பிடுங்கிவிடலாம். வேர் பருத்தபின் பிடுங்கினால் சுவரும் உடன்வரும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இத்தகைய பதிவு இன்று உடனடித் தேவை. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் பளிங்குபோல் மின்னும் வெண்சுதைப் பூச்சும் கொண்ட அவ்வீடுகள், தலைமுறைகள் பெருகப் பலருக்கு உரிமையாகிவிட்டன. பழுதுபார்க்க அனைவரும் இசைவது எளிதன்று. பிரித்து விற்பது எளிது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செதுக்குவேலை மிக்க கதவுகளும் தூண்களும் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு கதவு எந்த வீட்டின் எந்த வாயிலில் இருந்தது என்பதைக் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. வீடு நின்ற காலத்தில் எடுத்த படங்கள் இருப்பின், நிலைச்சட்டத்தின் செதுக்கலைக் கொண்டு அதனைக் கண்டறிய இயலும்.