எங்கோ வெளியாகும் அறிவிப்பும் எமது கையிலுள்ள போனும்

புதிய மென்பொருள் வருகின்றது என்று அமெரிக்காவிலுள்ள நிறுவனமொன்று அறிவிக்கும்போது அதனைப் பெரும்பாலும் நகரத்து இளைஞர்களே ஆர்வத்துடன் கவனிக்கின்றனர். கரையோரத்தில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கும் அந்த அறிவிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் நிறையவே உண்டு. அவளது கையிலுள்ள போன் அடுத்த வருடமும் வேலை செய்யுமா, அதனுள் வைத்திருக்கும் படங்கள் மிஞ்சுமா, சீட்டுக் காசில் வாங்கிய போனுக்குக் கொடுத்த பணம் வீணாகுமா என்பவற்றையெல்லாம் பெருமளவில் அந்த அறிவிப்புகளே தீர்மானிக்கின்றன. ஆனால் அவை அவளுக்குத் தெரிந்த மொழியில், அவளுக்குக் கேட்கக்கூடிய இடத்தில் வெளியாவதில்லை.

உச்சமுனை, கற்பிட்டி நகரிலிருந்து படகில் சென்று சேர வேண்டிய மீன்பிடிக் கிராமம். ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் படகுகளில் வந்து இறங்கியதும் இந்தக் கற்பிட்டிக் கரையோரத்தில்தான். எனவே இப்பகுதிப் பெண்கள் குழு எதனை எடுத்துக்கொண்டாலும், யுத்தம் ஏதோவொரு வகையில் தொட்ட பெண்கள் அதில் இருப்பர். நான் மாதமொரு தடவை சந்திக்கும் சேமிப்புக் குழுவும் அவ்வாறானதே. அங்கத்தவர்களின் போன்களில் பெரும்பாலானவை பாவித்த போன்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பியது, கற்பிட்டிக் கடையில் தவணைக்கு எடுத்தது, மச்சான் புதிது வாங்கியபோது கைமாறியது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர் அக்குழுவிலுள்ள அக்கா ஒருவர் தமது போனை என்னிடம் நீட்டினார். "மிஸ், போன் நல்லாத்தான் இருக்கு. பட்டரியும் நிக்குது. மகளோட பேசுறது மட்டும் திறக்குதில்ல. கடையில குடுத்தா புதுசு எடுங்கன்னு சொல்றாங்க. நான் எங்கேயாவது தண்ணியில போட்டுட்டேனோ?" என்றார். அவர் தண்ணீரில் போடவில்லை. எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய போனின் அடிப்படை மென்பொருள் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். இருந்தும் தான்தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக ஒரு பெண் முதலில் நினைப்பது எனக்குப் புதிய விடயமல்ல. நிவாரண அட்டையில் பெயர் விடுபட்ட காலத்திலும் எமது பெண்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

இது எவ்வாறு நடக்கின்றது? போன் ஒரு வீடு என்றால் அன்ட்ரொயிட் என்பது அதன் அத்திவாரம். வட்ஸ்அப், வங்கி அப், வீடியோ பார்க்கும் அப் எல்லாம் அதன்மேல் கட்டப்பட்ட அறைகள். ஆண்டுதோறும் கூகுள் புதிய அன்ட்ரொயிட்டை அறிவிக்கின்றது. போன் செய்த நிறுவனம் அதனைத் தனது பழைய மாதிரிகளுக்கும் ஏற்றவாறு மாற்றிக் கொடுத்தால்தான் அது எம்மை வந்தடையும். விலை குறைந்த போன்களுக்கு அந்த வேலையை நிறுவனங்கள் விரைவில் நிறுத்திவிடுகின்றன. மறுபுறத்தில், அப் தயாரிப்பவர்கள் புதிய அத்திவாரத்துக்கேற்ப அறைகளைக் கட்டிக்கொண்டே போகின்றார்கள். பழைய அத்திவாரத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடப்பதால் அதனைக் கைவிடுகின்றோம் என்பது அவர்கள் கூறும் காரணம். அது பொய்யான காரணமல்ல. திருடர்கள் நுழைவது அந்த ஓட்டைகளினூடாகத்தான். ஆனால் போனை மாற்றும் செலவு யார் தலையில் விழுகின்றது என்பதை எந்த அறிவிப்பும் கூறுவதில்லை.

சில உதாரணங்கள். 2013 இல் வெளியான அன்ட்ரொயிட் 4.4 இற்கான தனது அடிப்படைச் சேவைகளின் ஆதரவை நிறுத்துவதாக கூகுள் 2023 ஜூலையில் அறிவித்தது. பொத்தான் போன் போலிருந்து வட்ஸ்அப்பும் வேலை செய்த காய்ஓஎஸ் வகைப் போன்களில், அதனைப் புதிதாகப் பதிவிறக்கும் வசதி 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. தொடுதிரைக்குப் பழகாத வயதான தாய்மாருக்கு அந்த வகைப் போன்தான் இலகுவாக இருந்தது. 2025 மே 5 ஆம் திகதி இரண்டு கதவுகள் ஒரே நாளில் மூடின. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வட்ஸ்அப் நின்றது. வெளிநாட்டிலிருந்த உறவினரின் முகத்தை எம்மில் பலருக்கு முதன்முதலில் காட்டிய ஸ்கைப்பை மைக்ரோசொப்ட் முற்றாகவே மூடியது. அதற்கான அறிவிப்பு பெப்ரவரி 28 இல் வந்தது. சுமார் இரண்டு மாத அவகாசம்.

அறிவிப்பு எப்போதும் மென்பொருள் நிறுவனத்திலிருந்துதான் வருகின்றது என்றுமில்லை. 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் சீனாவின் ஹுவாவி நிறுவனத்தை வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பின் வந்த ஹுவாவியின் புதிய மாதிரிகளில் கூகுளின் சேவைகள் இல்லாமற்போயின. இரு பெரிய நாடுகள் பிணங்க, கடைக்காரரிடம் "இதுல பிளே ஸ்டோர் இருக்கா?" என்று கேட்டு வாங்கவேண்டிய நிலை எமக்கு வந்தது.

இவையெல்லாம் வசதியுள்ளவருக்குச் சிறு தொல்லைகள். எமக்கு அப்படியல்ல. 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. போன் முழுக்க இறக்குமதிப் பொருள். "புதுசு எடுங்க" என்று கடையில் சொல்லும் ஒரு சொல், இங்கு பல மாதச் சேமிப்பின் விலையாகும்.

பணத்தை விடவும் பெரிய இழப்பு வேறொன்று இருக்கின்றது. அதைப்பற்றித்தான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

யுத்தத்தில் வீட்டோடு அல்பங்களையும் இழந்தவர்கள் நாங்கள். உறவினரிடம் தப்பிக் கிடந்த ஒன்றிரண்டு படங்களை யாராவது ஸ்கேன் செய்து அனுப்ப, அவற்றைப் போனிலோ மின்னஞ்சலிலோ வைத்திருக்கும் பெண்கள் பலர். எனக்குத் தெரிந்த தாய் ஒருவர், 2009 இல் காணாமற்போன தமது மகனின் படத்தை அவ்வாறுதான் வைத்திருந்தார். மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவர் இன்டர்நெட் கடைத் தம்பி. படம் பத்திரமாக இருக்கின்றது என்ற நம்பிக்கையில் அவர் அந்தக் கணக்கைப் பல வருடங்கள் திறக்கவேயில்லை. திறக்கத் தேடியபோது கணக்கு இருக்கவில்லை. முறைப்பாட்டுப் படிவத்துடன் இணைத்த கறுப்பு வெள்ளைப் பிரதியொன்றே இன்று அவரிடம் எஞ்சியிருக்கின்றது. அதில் மகனின் கண்கள் தெளிவாக இல்லை.

நீண்ட காலம் பாவிக்காத கணக்குகளை அழிக்கும் விதி பல நிறுவனங்களிடம் உண்டு. கூகுள் 2023 மே மாதத்தில் அதனைப் பகிரங்கமாக அறிவித்தது. இரண்டு வருடங்களாக எவரும் உள்நுழையாத தனிப்பட்ட கணக்குகளும் அவற்றிலுள்ள மின்னஞ்சல்களும் படங்களும் 2023 டிசெம்பர் 1 முதல் அழிக்கப்படலாம் என்றது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள்தான். ஆனால் எங்கே? அதே மின்னஞ்சலுக்கும், திறந்தபோது கொடுத்த மாற்று மின்னஞ்சலுக்கும். இது தவிர, படங்களை அளவின்றி இலவசமாக வைத்திருக்கலாம் என்ற கூகுளின் சலுகை 2021 ஜூன் 1 உடன் முடிந்தது. இப்போது மின்னஞ்சல், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். அன்ட்ரொயிட் போன்களில் வட்ஸ்அப் சேமிப்புப் பிரதியும் 2024 தொடக்கம் அந்த 15 ஜிபிக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றது.

வட்ஸ்அப்பில் இன்னொரு விதி. பொதுவாக 120 நாட்கள் தொடர்ந்து பாவிக்காத கணக்கு நீக்கப்படும். போனிலிருக்கும் செய்திகளும் குரற்பதிவுகளும் உடனே அழியாது. அப்பைப் போனிலிருந்து அகற்றும்வரை அவை அங்கேயே இருக்கும். ஆகவே, இல்லாமற்போன ஒருவரின் குரல் ஒரு பழைய போனில் இருந்தால், "சரி பண்ணித் தாறேன்" என்று யாராவது அப்பை அழித்து மீண்டும் போட விடாதீர்கள். முதலில் அந்தப் பதிவுகளை வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். கணக்கு வைத்திருப்பவர்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது உள்நுழைந்து பாருங்கள். கடவுச்சொல்லைக் கடைத் தம்பியின் ஞாபகத்தில் விடாமல், குடும்ப அட்டை வைத்திருக்கும் இடத்தில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை அப்படி எழுதச் சொல்லமாட்டேன். படங்களுள்ள கணக்குக்கு இது பரவாயில்லை. முக்கியமான படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் எடுங்கள். எந்த அறிவிப்பும் கடதாசியை அழிப்பதில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அங்கும் வேறெங்கும் ஆவணம் கொடுக்கும் சகோதரிகள் மூலப் படத்தைக் கையிலிருந்து விடாதிருப்பது நல்லது.

அறிவிப்புகள் எல்லாமே எமக்கு எதிரானவை என்று கூறுவது நியாயமாகாது. 2013 இல் வட்ஸ்அப் குரற்பதிவு அனுப்பும் வசதியைத் தந்தபோது, இடம்பெயர்வினால் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் முதன்முறையாக யாருடைய தயவுமின்றிச் "கடிதம்" அனுப்பினார்கள். 2017 ஓகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சுப் பட்டியலில் தமிழும் சேர்க்கப்பட்டது. உச்சமுனைக் குழுவில் வரவு செலவுக் கணக்கைப் போனுக்குச் சொல்லியே எழுதும் ஓர் இளம் பெண் இருக்கின்றார். "நெத்தலி" என்பதை அது ஒவ்வொரு தடவையும் வேறொன்றாக எழுதுகின்றது. அவர் சிரித்துக்கொண்டே திருத்துகின்றார்.

பாவித்த போன் வாங்கப் போகின்றவர்கள் கமெராவைப் பார்ப்பதற்கு முன் செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அன்ட்ரொயிட் எத்தனையாம் இலக்கம், கடைசியாகப் பாதுகாப்பு மென்பொருள் கிடைத்த திகதி எது என்பவை அங்கிருக்கும். அந்தத் திகதி மூன்று நான்கு வருடம் பழையதென்றால், கண்ணாடி எவ்வளவு பளபளத்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிய சட்டமொன்று நடைமுறையிலுள்ளது. ஒரு போன் மாதிரியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்து வருடங்களுக்கு அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்கின்றது அது. கூகுளும் சம்சுங்கும் தமது விலை கூடிய போன்களுக்கு ஏழு வருடம் என்று அறிவித்துள்ளன. பணக்கார நாட்டு நுகர்வோர் கேட்டதனால் கிடைத்தது அது. இங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கின்றது. எத்தனை வருடம் மென்பொருள் கிடைக்கும் என்பதைப் பெட்டியில் அச்சிடுமாறு நாமும் கேட்கலாம்.

கடைசியாக, வரவிருக்கும் ஒன்று. டேட்டாவை மிச்சம் பிடிக்க ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அப்களை நேரடியாக அனுப்பிக்கொள்ளும் வழக்கம் எம்மிடமுண்டு. அடையாளம் உறுதிசெய்யப்பட்ட தயாரிப்பாளர்களின் அப்களை மட்டுமே சாதாரணமாக நிறுவ விடும் ஏற்பாட்டை கூகுள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், 2027 முதல் ஏனைய நாடுகளிலும் என்பது அந்த அறிவிப்பு. அறியப்பட்ட அப்களுக்கு இதனால் பெரிய தடையிருக்காது. யாரென்று தெரியாதவர் தந்த அப்கள்தான் மாட்டிக்கொள்ளும்.

இதை விளங்கப்படுத்தியபோது குழுவின் பொருளாளர் கேட்ட கேள்வி வேறு. "அது கிடக்கட்டும் மிஸ். படங்களை ஏத்தி வைக்கிற கார்ட் என்ன விலை?" என்றார். சேமிப்பிலிருந்து இரண்டு மெமரி கார்ட் வாங்குவதென்றும், ஒன்றை உச்சமுனையிலும் மற்றையதைக் கற்பிட்டியிலுள்ள அங்கத்தவர் ஒருவரின் வீட்டிலும் வைப்பதென்றும் அன்றே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.