எதனால் நின்றது?

பாகூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் தவக்காலத்தின் இறுதியில் நம்மைக் கண்டு, "சாமி, நாற்பது நாளும் அவர் குடியைத் தொடவில்லை" என்று பூரிப்போடு சொன்னார். உயிர்ப்புப் பெருவிழா கழிந்த மறுவாரமே முகம் வாடி வந்தார். கணவர் மீண்டும் சாராயக்கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். (அவ்விருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.)

நாற்பது நாளும் குடி எதனால் நின்றிருந்தது? நேர்ச்சையாலா, கையில் காசில்லாமையாலா, கூட்டாளிகள் வெளியூர் போயிருந்ததாலா, மனைவி சண்டையிடாமல் சோறு போட்டதாலா? அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையே மறுபடியும் செய்யலாமே!

இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதற்கென்றே நடத்தைப் பகுப்பாய்வு என்றொரு துறை உண்டு. அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூல் அதற்கு அடிக்கல் நாட்டியது. ஒருவரைக் 'கெட்டவன்', 'சோம்பேறி' என்று பெயரிடுவதால் நமக்கு எதுவும் விளங்குவதில்லை. செயலுக்கு முன் என்ன நேர்ந்தது, செயல் யாது, செய்தபின் அவருக்குக் கிடைத்தது என்ன என்னும் மூன்றையும் கவனிக்கச் சொல்கிறது இத்துறை.

வில்லியனூர்க் கடைத்தெருவில் நாம் அடிக்கடி காணும் காட்சியை எடுத்துக்கொள்வோம். பிள்ளை மிட்டாய் கேட்கிறது; தாய் மறுக்கிறார்; பிள்ளை தரையில் புரண்டு அழுகிறது; நாலு பேர் பார்க்கிறார்களே என்று தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். புரண்டால் மிட்டாய் வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் கூச்சல் ஓயும் என்று தாயும் கற்றுக்கொள்கிறார்! இவ்வாறு ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் பின்விளைவுக்கு 'வலுவூட்டல்' என்று பெயர். அது நின்றுபோனால் செயலும் நாளடைவில் ஓயும். ஆனால் ஓய்வதற்கு முன் சில நாட்கள் அழுகை முன்னிலும் உரக்கக் கேட்கக்கூடும். பெரும்பாலான பெற்றோர் மனம் தளர்வது அந்தக் கட்டத்திலேதான். அப்போது கொடுத்துவிட்டால், இன்னும் நெடுநேரம் அழவேண்டும் என்பதே பிள்ளை படிக்கும் பாடம்.

இதெல்லாம் வெறும் ஊகமன்று என்பதை எப்படி மெய்ப்பிப்பது? 1964-இல் வெளிவந்த ஆய்வொன்றில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியார் ஒரு வழி காட்டினர். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு காலைப்பொழுதில் 5 முதல் 10 தடவை அழுவான். முதலில் எதையும் மாற்றாமல், அழுகையை எண்ணிக் குறித்தார்கள். பின்பு, உண்மையில் அடிபட்டாலன்றி அழுகையைப் பொருட்படுத்தாமல், வாய்விட்டுப் பேசியபோது மட்டும் கவனித்தார்கள். ஐந்தே நாட்களில் அழுகை இரண்டுக்குள் அடங்கியது. அத்தோடு நிறுத்தியிருந்தால், 'வயது ஏறியது, சரியாயிற்று' என்று யாரும் சொல்லிவிடலாம். ஆகவே மறுபடியும் அழுகைக்குச் செவிசாய்த்தார்கள். பழைய அழுகை திரும்பியது. மீண்டும் விட்டார்கள்; அடங்கியது. மாற்றியபோதெல்லாம் மாறியதால் காரணம் ஐயமற விளங்கிற்று.

குடியை அப்படித் திருப்பிப் பார்க்கலாமா? நிச்சயமாகக் கூடாது. ஒருமுறை கற்ற எழுத்தையும் மறக்கச் செய்ய இயலாது. அதற்கு வேறு வழி உண்டு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே முறையை வெவ்வேறு வாரங்களில் தொடங்குவர். தன் முறை வந்த பின்னரே ஒவ்வொரு பிள்ளையும் மாறினால், மாற்றத்துக்கு அம்முறையே காரணம் என்று கொள்ளலாம்.

மற்றொரு வழி, பலரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பது. 2014-இல் சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா தொழிலாளரிடையே ஃபிராங்க் ஷில்பாக் என்னும் பொருளியலார் இவ்வாறு ஆய்ந்தார். மூன்று வாரம் நாள்தோறும் அவர்கள் ஆய்வகம் வந்து, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதினர். ஒரு குழுவினருக்குக் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 90 ரூபாய். மற்றொரு குழுவினருக்குக் குடித்திருந்தால் 60, குடியாது வந்தால் 120. பின்னவர்களிடம் பகற்குடி குறைந்தது. ஆய்வகத்தில் அவர்கள் சேமித்த பணம் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுந்தது. குடி பெரும்பாலும் இரவுக்குத் தள்ளிப்போனதேயன்றி அற்றுப்போகவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று: குடியாதிருந்தால்தான் பணம் என்னும் ஏற்பாட்டைப் பெறுவதற்காக, எப்படியும் கிடைக்கக்கூடிய தொகையில் ஒரு பகுதியை இழக்கவும் பாதிக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். விடவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லாமலில்லை.

அந்தப் பாகூர்த் தாயிடம் நாட்காட்டி ஒன்றைக் கொடுத்து, கணவர் குடித்த நாளையும், அன்று அதற்குமுன் நடந்ததையும் குறிக்கச் சொன்னோம். கணவரே தம் கையால் குறிக்க முன்வந்தார். ஐந்து வாரக் குறிப்பில் ஐந்து சனிக்கிழமைகளும் இருந்தன. அவை கூலி கைக்கு வரும் நாட்கள். இனிக் கூலியை மனைவியிடம் கொடுத்தனுப்பும்படி அவரே வேலை கொடுப்பவரைக் கேட்டிருக்கிறார். அந்தச் சனிக்கிழமைகளைப் பச்சை மையால் குறிக்கச் சொல்லியிருக்கிறோம். இதுவரை இரண்டு ஆகியிருக்கின்றன.